ஆருக்கும் வரைபடத்துக்கும் நடுவே ஒரு கோப்பு

புள்ளியியலுக்கு ஆர் (R) நிரல்மொழியைப் பயன்படுத்துகிறவர்களும், வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ், கிராஸ், ஆர்க்ஜிஐஎஸ் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: இந்த இரண்டையும் எப்படி இணைப்பது? கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு பிளகின் பெயரையோ பேக்கேஜ் பெயரையோ, அதாவது கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரலின் பெயரை, எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். பெயர் சொல்வது எளிது. நான் திருப்பிக் கேட்பது வேறு: எதிலிருந்து எதற்கு, என்ன போக வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால், பெரும்பாலான நேரம் நடுவே ஒரு நல்ல கோப்பு இருந்தாலே போதும் என்பது தெரிந்துவிடும். இறுக்கமான இணைப்பு தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆனால் அவை நினைப்பதைவிடக் குறைவு.

ஆரின் பலம் தெரிந்ததுதான். ரெக்ரஷனோ சிமுலேஷனோ எதுவானாலும் சில வரிகளில் முடியும். அதைவிட முக்கியம், என்ன செய்தோம் என்பது ஸ்கிரிப்ட்டில் எழுத்தாக நிற்கும். தரவு மாறினால் மறுபடி ஓட்டினால் போதும். ஆனால் ஒரு பாலிகனின் (பல பக்க வடிவத்தின்) மூலையை மவுஸால் பிடித்து இழுத்துச் சரிசெய்ய ஆர் ஏற்ற இடம் இல்லை. செயற்கைக்கோள் படத்தின்மேல் லேயரை (தரவு அடுக்கை) போட்டு, பெரிதாக்கி, நகர்த்தி, "இந்தப் புள்ளி ஏன் ஆற்றுக்குள் கிடக்கிறது?" என்று பார்க்க வரைபட மென்பொருள்தான் வேண்டும். அங்கே குறை வேறு மாதிரி. மெனு மெனுவாகச் சொடுக்கி ஒரு முடிவைப் பெற்றுவிடலாம். அதை எப்படிப் பெற்றோம் என்பதை அடுத்த வாரம் இன்னொருவருக்குச் சொல்வதுதான் கஷ்டம். கியூஜிஐஎஸ்ஸில் பிராசஸிங் கருவிகளை ஓட்டிய வரலாறு பதிவாகிறது, உண்மைதான். கையால் திருத்தியது அதில் வராது.

இந்த இரண்டு உலகங்களும் தனித்தனியாகப் பிறந்தவை. கிராஸ் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஆய்வகம் ஒன்றில் தொடங்கியது. ஆர் 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எழுதியது, அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. கியூஜிஐஎஸ்ஸை கேரி ஷெர்மன் 2002-ல் தொடங்கினார். ஆரையும் கிராஸையும் கோத்துப் பார்க்கும் முயற்சி அதற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. நார்வேயின் பெர்கன் நகரைச் சேர்ந்த ரோஜர் பைவண்ட், கிராஸ் 5-ன் தரவை ஆரிலிருந்து நேராகக் கையாள்வது பற்றி 2000-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆக இது நேற்று முளைத்த ஆசை இல்லை. இரண்டு பக்கத்தாருக்கும் இது தேவை என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இன்று நிலைமை இன்னும் சாதகம். அடித்தளத்தில் ஆரும் கியூஜிஐஎஸ்ஸும் ஒரே மூன்று நிரல் நூலகங்களின்மேல்தான் நிற்கின்றன. கோப்புகளைப் படிக்க, எழுத ஜிடால். ஒரு ஆயத்தொலைவு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற பிராஜ். வெட்டுவது, இணைப்பது, பஃபர் போடுவது (சுற்றிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரைவது) போன்ற வடிவக் கணக்குகளுக்கு ஜியோஸ். ஆரின் எஸ்எஃப், டெர்ரா பேக்கேஜ்கள் இந்த மூன்றையும் அழைக்கின்றன, கியூஜிஐஎஸ்ஸும் அழைக்கிறது. அதனால் ஒன்று எழுதிய கோப்பை இன்னொன்று படிப்பதில் இன்று பெரிய தடை கிடையாது. எழுதியவர் என்ன அர்த்தத்தில் எழுதினாரோ அதே அர்த்தத்தில் படிப்பவர் எடுத்துக்கொள்கிறாரா என்பதில்தான் தடை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம்.

முதல் வழி, கோப்பு அல்லது தரவுத்தளம். ஆர் எழுதும், கியூஜிஐஎஸ் படிக்கும், அல்லது தலைகீழாக. இரண்டாவது, ஆர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வரைபட மென்பொருளின் கருவிகளை அழைப்பது. கிராஸுக்கு ஆர்கிராஸ் பேக்கேஜும், கியூஜிஐஎஸ்ஸுக்கு கியூஜிஐஎஸ்பிராசஸ் பேக்கேஜும் இருக்கின்றன. மூன்றாவது, வரைபட மென்பொருளுக்குள் இருந்தபடி ஆரை அழைப்பது. கியூஜிஐஎஸ்ஸில் இதற்கென ஒரு பிளகின் உண்டு. ஆர் ஸ்கிரிப்ட்டின் தலையில் ## என்று தொடங்கும் வரிகளில் உள்ளீடு எது, வெளியீடு எது என்று எழுதிவிட்டால், அதுவே ஒரு பெட்டியாக, கீழிறங்கும் பட்டியல்களோடு பிராசஸிங் பலகையில் வந்து நிற்கும். > என்று தொடங்கும் வரி தரும் விடை முடிவுகள் பக்கத்தில் வரும். ஆர்க்ஜிஐஎஸ் பக்கம், அதைத் தயாரிக்கும் எஸ்ரி நிறுவனம் 2015-ல் தன் பாலத்தை வெளியிட்டது. ஆரிலிருந்தே ஆர்க்ஜிஐஎஸ்ஸின் தரவைத் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து, திரும்ப எழுத அது வழிசெய்கிறது.

மூன்றாவது வழி யாருக்கு? ஆர் தெரியாத சக ஊழியர்களுக்கு ஒரு கருவியைக் கொடுக்க வேண்டியிருந்தால் அதைவிட நல்லது இல்லை. அவர்கள் லேயரைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தி, முடிவைப் பெறுவார்கள். உள்ளே ஆர் ஓடுவது தெரியக்கூட வேண்டாம். ஆனால் நீங்களே ஒரு புள்ளியியல் மாடலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இந்த வழியில் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் ஆர் புதிதாகத் தொடங்கி, தரவைப் படித்து, முடித்துவிட்டுப் போய்விடும். நடுவில் நிறுத்தி ஒரு மதிப்பை எட்டிப் பார்க்க முடியாது. புள்ளியியல் வேலையில் பாதி அந்த எட்டிப் பார்த்தல்தான்.

இறுக்கமான இணைப்புகளைப் பற்றி எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: அவை சீக்கிரம் வயதாகின்றன. ஆர்கியூஜிஐஎஸ் என்று ஒரு பேக்கேஜ் இருந்தது. பைதான் வழியாக கியூஜிஐஎஸ்ஸை அழைத்தது. கியூஜிஐஎஸ் 2 போய் 3 வந்ததும் அதை வேறு பேக்கேஜாக எழுத வேண்டியதாயிற்று. 2020-ல் வந்த பதிப்புகளில் கியூஜிஐஎஸ் தனக்கென ஒரு கட்டளைவரிக் கருவியைத் தந்தது. கியூஜிஐஎஸ்பிராசஸ் அதன்மேல் நிற்பதால், இப்போது நிலைமை தேவலை. ஆருக்குள்ளேயேகூட ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற மூன்று பழைய தூண்கள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. அவற்றை நம்பிய ஸ்கிரிப்ட்களையெல்லாம் எஸ்எஃப்புக்கும் டெர்ராவுக்கும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த ஸ்கிரிப்ட்கள் எழுதிவைத்த கோப்புகள் மட்டும் இன்றும் அப்படியே திறக்கின்றன.

இனி ஒரு வேலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இடஞ்சார்ந்த புள்ளியியலை ஆரில் கற்றவர்களுக்கு மியூஸ் தரவு பழக்கமானது. நெதர்லாந்தில் ஸ்டெய்ன் என்ற ஊருக்கு அருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மண் மாதிரிகள். ஒவ்வொன்றிலும் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் எவ்வளவு என்ற அளவு. துத்தநாகம் மட்டும் 113-லிருந்து 1839 வரை போகிறது, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில். ஆறு வெள்ளத்தோடு கொண்டுவந்து போட்ட வண்டலில்தான் இந்த உலோகங்கள் வந்து சேர்ந்தன.

எண்களை மட்டும் பார்த்தால், சில மாதிரிகளில் அதிகம், பலவற்றில் குறைவு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. புள்ளிகளை வரைபடத்தில் போட்டு, துத்தநாகத்துக்கு ஏற்றபடி வட்டத்தின் அளவை மாற்றினால், பெரிய வட்டங்கள் ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போவது உடனே கண்ணில் படும். அப்போதுதான் கேள்வி பிறக்கிறது: ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பது எவ்வளவு விளக்குகிறது?

இந்தத் தரவில் தூரம் ஏற்கெனவே ஒரு பத்தியாக இருக்கிறது. நம் சொந்தத் தரவில் இருக்காது. அதைச் செய்ய வேண்டும். வரைபட மென்பொருள் கைகொடுக்கும் இடம் இது. கரையைப் படத்தின்மேல் வரைந்து, கிராஸின் தூரக் கருவியில் போட்டால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு எவ்வளவு தொலைவு என்று ஒரு ராஸ்டர், அதாவது கட்டம் கட்டமாக மதிப்பு எழுதிய படம், கிடைக்கும். கியூஜிஐஎஸ்ஸில் அந்த ராஸ்டரின் மதிப்பை 155 புள்ளிகளிலும் எடுத்து ஒரு புதிய பத்தியாக ஒட்டிக்கொள்ளலாம். அந்த லேயரை ஒரு ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமித்தால், ஆர் அதை ஒரே வரியில் படித்துவிடும்.

அப்புறம் ஆரின் ஆட்டம். துத்தநாகத்தின் மடக்கையை தூரத்தின் வர்க்கமூலத்தோடு பொருத்தினால், ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய முக்கால் பங்கை அந்த ஒரே மாறி விளக்கிவிடுகிறது. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் இணைப்பின் உண்மையான பயன் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மாடல் சொன்னதற்கும் மண்ணில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது எச்சத்தை, ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதி அதே கோப்பில் இன்னொரு லேயராகத் திருப்பி அனுப்புங்கள். கியூஜிஐஎஸ்ஸில் கூடுதலுக்கு ஒரு நிறம், குறைவுக்கு இன்னொரு நிறம். நிறங்கள் கலந்து தெளித்ததுபோல் இருந்தால் தூரம் தன் வேலையை முடித்துவிட்டது. ஒரே நிறப் புள்ளிகள் ஓரிடத்தில் கூடி நின்றால், அந்த இடத்தில் நாம் கணக்கில் எடுக்காத ஏதோ ஒன்று இருக்கிறது.

மியூஸில் அந்த ஏதோ ஒன்றுக்கு நல்ல வேட்பாளர் வெள்ளம் வரும் இடைவெளி. ஆற்றிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கலாம், மற்றது பத்து ஆண்டுக்கு ஒருமுறை. தரவிலேயே இப்படி மூன்று வகை இருக்கின்றன. மூன்றாவது ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மூழ்கும் இடம். அதை மாடலில் சேர்த்தால் பொருத்தம் கூடுகிறது. எண்ணைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் "வேறு எதைச் சேர்க்கலாம்?" என்ற யோசனை, நிலத்தின் மேடு பள்ளத்துக்கு மேல் எச்சத்தைப் போட்டுப் பார்க்கும்போது வருகிற மாதிரி அட்டவணையைப் பார்க்கும்போது வருவதில்லை.

அதே தரவில் கிரிகிங்கும் செய்யலாம், அதாவது அளந்த புள்ளிகளை வைத்து அளக்காத இடங்களின் மதிப்பைக் கணிக்கலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தாதுவின் அளவை மதிப்பிட டேனி கிரிக் 1950களின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனை அது. பிரான்சின் ஜார்ஜ் மத்ரோன் அதற்குக் கணித அடித்தளம் கொடுத்து கிரிக்கின் பெயரையே சூட்டினார். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன, எவ்வளவு தூரம் போனால் அந்த ஒற்றுமை தீர்ந்துபோகிறது என்பதை வேரியோகிராம் காட்டும். மியூஸின் துத்தநாக மடக்கைக்கு, ஜிஸ்டாட் பேக்கேஜில் வழக்கமாகப் பொருத்தும் மாடலில், அந்த எல்லை ஏறக்குறைய 900 மீட்டர். அதை வைத்து 40 மீட்டர் கட்டங்கள் 3103-க்கும் மதிப்பிட்டு, ராஸ்டர்களுக்கான ஒரு ஜியோடிஃப் கோப்பாக எழுதிக் கொடுத்தால் கியூஜிஐஎஸ் வண்ணம் தீட்டிவிடும். மதிப்பீட்டோடு அதன் நிச்சயமின்மையையும் இன்னொரு பேண்டாக (அதே கோப்பின் இரண்டாவது அடுக்காக) எழுதுங்கள். மாதிரிப் புள்ளிகளே இல்லாத மூலையில் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பக்கூடாது என்பதைச் சொல்வது அந்த இரண்டாவது பேண்ட்தான்.

கட்டங்களைக் கையாளும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். ஆரில் அட்டவணையாக இருக்கும் கட்டத்தின் ஆயத்தொலைவு பொதுவாகக் கட்டத்தின் நடுப்புள்ளி. ராஸ்டர் கோப்பு தன் இடத்தைச் சொல்வது மூலையை வைத்து. நடுப்புள்ளியை மூலை என்று எடுத்துக்கொண்டால் படம் முழுவதும் அரைக் கட்டம், இங்கே 20 மீட்டர், நகர்ந்துவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. வரைபடத்தைப் பெரிதாக்கி, கட்டத்தின் ஓரம் எங்கே விழுகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

அர்த்தம் தொலைவது என்று மேலே சொன்னது இதைப் போன்றவற்றைத்தான். இதில் ஆயத்தொலைவு முறைக்கு நிகரான தொல்லை வேறில்லை. 2019-ல் பிராஜ் 6-ம் ஜிடால் 3-ம் வந்தபோது, + குறிகளோடு எழுதப்படும் பழைய சுருக்க வரி போதாது என்றாகி, முழு விளக்கத்தோடு எழுதும் முறை வந்தது. பழைய வரியை அப்படியே நகலெடுத்துப் போட்டால், பூமியின் வடிவத்தை எந்த அடிப்படையில் எடுத்தோம் என்ற தகவல் வழியில் உதிர்ந்துபோகலாம். அது உதிர்ந்தால் புள்ளிகள் பல பத்து மீட்டர்களோ அதற்கு மேலோ நகரும். உலக வரைபடத்தில் இது தெரியவே தெரியாது; 40 மீட்டர் கட்டத்தில் முடிவையே மாற்றிவிடும். அதனால் முறையின் எண்ணை, இபிஎஸ்ஜி 28992 என்பது போல, எழுதுவதே பாதுகாப்பு. நெதர்லாந்தின் தேசிய ஆயத்தொலைவு முறை அது. மியூஸ் புள்ளிகள் அதில்தான் இருக்கின்றன.

இரண்டு மென்பொருளும் ஒரே எண்ணை வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கும் ஒரு லேயரை எடுத்துக்கொள்ளுங்கள். 500 என்று பஃபர் கொடுக்கிறீர்கள். கியூஜிஐஎஸ்ஸின் பஃபர் கருவிக்கு அது 500 டிகிரி. ஆரில், 2021-ல் வந்த எஸ்எஃப் 1.0-லிருந்து, அதே 500 மீட்டராகக் கொள்ளப்படும், ஏனென்றால் அது பூமியைக் கோளமாக வைத்துக் கணக்கிடுகிறது. பரப்பளவிலும் இதே கதை. கியூஜிஐஎஸ்ஸின் ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு தொடங்கும் பரப்பளவு, புராஜெக்ட்டில் அமைத்திருக்கும் நீள்கோளத்தின்மேல் கணக்கிடும். வடிவத்தைக் கொடுத்துக் கேட்கும் இன்னொரு செயற்கூறு தட்டைத் தாளில் கணக்கிடும். ஒரே பாலிகனுக்கு மூன்று விடைகள். எதுவும் தவறில்லை, எல்லாம் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். ஆகவே பரப்பளவு, தூரம், அடர்த்தி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கணக்கிடுவது என்று முடிவுசெய்துவிடுங்கள். நான் ஆர் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அங்கே எழுத்தில் நிற்கும். இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் முறையில் மட்டும் அளக்கவே வேண்டாம். 60 டிகிரி அட்சரேகையில் அதன் தூரம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு.

சரி, எந்தக் கோப்பு? ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகையை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பழக்கத்தால் எல்லோரும் அதையே கேட்பார்கள், தெரியும். அதில் பத்தியின் பெயருக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகச் சேரும். "மாவட்டம்" என்று பெயர் வைத்தால் மூன்று குறிகளுக்கு மேல் தாங்காது. ஆங்கிலப் பெயர்களும் வெட்டுப்படும், இரண்டு பத்திகள் ஒரே பெயராக வந்து மோதும். அதைவிட ஆபத்தானது, "அளக்கவில்லை" என்பதைச் சொல்ல அதில் சரியான வழி இல்லாதது. ஆரில் விடுபட்ட மதிப்பாக இருந்தது, சில மென்பொருள்களின் வழியாகப் போய் வரும்போது 0 ஆகிவிடும். மழை அளக்காத நாள் மழை பெய்யாத நாள் ஆகிவிட்டால் அப்புறம் எந்தச் சராசரியை நம்புவது?

இடத்தரவுக்கான தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2014-ல் தரமாக்கிய ஜியோபேக்கேஜ் இந்தத் தொல்லைகளைத் தீர்த்துவிடுகிறது. ஒரே கோப்பு, உள்ளே எத்தனை லேயர் வேண்டுமானாலும், நீளமான பெயர்கள், விடுபட்ட மதிப்பு விடுபட்டதாகவே. ஒரு விஷயத்தைப் பழகிக்கொள்ள வேண்டும்: கியூஜிஐஎஸ்ஸில் திறந்து வைத்திருக்கும்போது அதன் பக்கத்தில் இரண்டு துணைக் கோப்புகள் முளைக்கும், அந்த நேரத்தில் ஆர் எழுதப் போனால் பூட்டியிருக்கிறது என்று திருப்பி அனுப்பலாம். ஒரே நேரத்தில் பல பேர் எழுதவும் படிக்கவும் வேண்டுமென்றால் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்துக்குப் போய்விடுவது நல்லது. ராஸ்டருக்கு ஜியோடிஃப். அங்கேயும் விடுபட்ட மதிப்பு எது என்று கோப்பிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். -9999 என்று உள்ளே எழுதிவிட்டு அதைப் பதிய மறந்தால், ஆர் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துச் சராசரி போட்டுவிடும்.

இன்னொன்று, வடிவத்தோடு அட்டவணையைச் சேர்க்கும்போது நடப்பது. பகுதிக் குறியீடு 007 என்று இருக்கும். ஆரின் அடிப்படை வாசிப்புச் செயற்கூறு அதை எண் என்று எடுத்து 7 ஆக்கிவிடும். வரைபட லேயரில் 007 எழுத்தாக இருக்கும். சேர்த்தால் பொருந்தாது, பாதி வரைபடம் காலியாக வரும். முழுவதும் காலியானால் உடனே கண்டுபிடிக்கலாம், பாதி காலியானால் "அங்கே தரவு இல்லைபோல" என்று போய்விடுவோம். குறியீடு எண்ணாகத் தெரிந்தாலும் எழுத்தாகவே படியுங்கள்.

போக வர இணைப்பு எவ்வளவு தேவை என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டுவது அண்டைப் பட்டியல். பக்கத்துப் பகுதிகளின் மதிப்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று அளக்க, பாட்ரிக் மோரன் 1950-ல் தந்த அளவை இன்றும் பயன்படுத்துகிறோம். ஆரில் எஸ்பிடெப் பேக்கேஜ் அதைச் செய்யும். ஆனால் முதலில் யாருக்கு யார் அண்டை என்ற பட்டியல் வேண்டும். எல்லையைத் தொடும் பாலிகன்கள் அண்டை என்பது வழக்கமான விதி. கையால் வரைந்த பாலிகன்களில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். கண்ணுக்கு ஒட்டியிருக்கும், கணக்குக்கு ஒட்டாது. ஆர் அந்த இரண்டையும் அண்டை இல்லை என்று முடிவுசெய்யும். ஒரு பகுதிக்கு அண்டையே இல்லை என்றால் எச்சரிக்கையோ பிழைச்செய்தியோ வரும், அதனால் பிடிபட்டுவிடும். ஐந்து அண்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் ஒரு சத்தமும் வராது. மோரன் அளவு மட்டும் மாறியிருக்கும்.

இதற்கு நல்ல வழி, அண்டைப் பட்டியலை ஆரிலிருந்து கோடுகளாக மாற்றி எழுதுவது. ஒவ்வொரு அண்டை ஜோடிக்கும், ஒரு பகுதியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஒரு கோடு. அதை கியூஜிஐஎஸ்ஸில் பாலிகன்களின்மேல் போட்டால், கோடு விடுபட்ட எல்லை பளிச்சென்று தெரியும். அந்த எல்லையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, முனைகளை ஒட்டவைக்கும் கருவியாலோ கிராஸின் சுத்தப்படுத்தும் கருவியாலோ சரிசெய்து, மறுபடி ஆருக்கு. சில இடங்களில் இடைவெளி பிழையாக இருக்காது; நடுவே அகலமான ஆறு இருக்கும். அங்கே பாலம் இருந்தால் அண்டையா, இல்லாவிட்டால் இல்லையா? அதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆராய்கிற விஷயத்தைப் பொறுத்து நாம்தான் முடிவெடுத்து, அந்த முடிவை ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும்.

ஆர் நேரடியாக வரைபட மென்பொருளை அழைக்கும் இரண்டாவது வழி எப்போது வேண்டும்? ஆரில் இல்லாத, அல்லது ஆரில் தடுமாறும் வேலைகளுக்கு. நீர்ப்பிடிப்புப் பகுதி பிரிப்பது, சாலை வலைப்பின்னலில் தூரம் அளப்பது, நினைவகத்துக்குள் அடங்காத ராஸ்டர்கள்: இவற்றுக்கு கிராஸை அழைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதுவும் நூறு படங்களுக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால், மெனுவில் சொடுக்கிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. கிராஸில் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: அங்கே ராஸ்டர் கணக்கெல்லாம் "ரீஜன்" என்று அமைத்திருக்கும் பரப்புக்கும் நுணுக்கத்துக்கும் ஏற்பத்தான் நடக்கும், உள்ளீட்டுப் படத்தின் அளவுக்கு அல்ல. 10 மீட்டர் படத்தைக் கொடுத்து, ரீஜன் 100 மீட்டரில் இருந்தால், விடை 100 மீட்டரில் வரும். ஆர் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பெரிய படத்தின் ஒரு மூலையில் மட்டும் சோதித்துப் பார்க்க இதைவிட வசதி கிடையாது என்பதும் பழகியபின் தெரியும். ஒவ்வொரு கணக்குக்கும் முன்பு ரீஜனை அமைக்கும் வரியை ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுங்கள்.

கியூஜிஐஎஸ்பிராசஸில் கவனிக்க வேண்டியது வேகம். ஒவ்வொரு அழைப்புக்கும் அது கியூஜிஐஎஸ்ஸைப் பின்னணியில் புதிதாகத் தொடங்குகிறது. ஒரு பெரிய லேயருக்கு ஒரு அழைப்பு என்றால் பரவாயில்லை. ஆயிரம் பாலிகன்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் கணக்கைவிடத் தொடங்குவதற்கே அதிக நேரம் போகும். எல்லாவற்றையும் ஒரே லேயராகச் சேர்த்து ஒரே முறை அனுப்புங்கள்.

கடைசிக் கட்டம், முடிவை அழகாக வரைவது. இதை ஆரிலேயே செய்யலாம், பலர் அருமையாகச் செய்கிறார்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாமல் வைப்பது, அளவுகோல், குறிவிளக்கம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்த எனக்கு கியூஜிஐஎஸ்தான் ஒத்துவருகிறது. இங்கே கோப்பு வழி இணைப்பின் அழகு ஒன்று: கியூஜிஐஎஸ் புராஜெக்ட்டில் நிறம், கோடு, எழுத்து எல்லாம் அமைத்துவிட்டு, ஆர் அதே கோப்பில் அதே பெயரில் லேயரை மறுபடி எழுதினால், அடுத்த முறை திறக்கும்போது புதிய தரவு பழைய அலங்காரத்தோடு வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஒரே வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் வகுப்பு எல்லைகள் தானாகப் புதுப்பிக்காது. முதல் முறை 0 முதல் 80 வரை ஐந்து வகுப்பாகப் பிரித்து நிறம் கொடுத்திருந்தால், புதிய தரவில் 95 என்று வந்த பகுதி எந்த வகுப்பிலும் அடங்காமல், வரைபடத்தில் வரையப்படாமலேயே போய்விடும். இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பு, ஒருவேளை எல்லோரும் பார்க்க வேண்டிய பகுதி, வெற்றிடமாக நிற்கும். அதனால் எல்லைகளையும் ஆரிலேயே முடிவுசெய்து, எந்த வகுப்பு என்பதை ஒரு பத்தியாக எழுதி அனுப்பிவிடுகிறேன். கியூஜிஐஎஸ்ஸுக்கு அந்தப் பத்திக்கு நிறம் கொடுக்கும் வேலை மட்டும். அதே ஸ்கிரிப்ட்டின் கடைசியில் ஜிடால், பிராஜ், ஜியோஸ் மூன்றின் பதிப்பு எண்களையும் ஒரு உரைக் கோப்பில் எழுதச் சொல்லி, ஜியோபேக்கேஜ் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துவிடுகிறேன். இரண்டு கணினிகளில் விடை இரண்டாக வந்தால் முதலில் திறந்து பார்ப்பது அந்த உரைக் கோப்பைத்தான்.